மீன் தண்ணீர், துளசிச் செடி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

காட்பாடி–சித்தூர் சாலையில் வண்டியை நிறுத்தி, முதலில் பிள்ளைகளுக்கு மீன் காட்டிவிட்டு அப்புறம் செடி பார்க்க வரும் உங்களுக்கு இதை எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனால் போன வாரம் முதல் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு காந்தி நகர், சத்துவாச்சாரி, பாகாயம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறது. எங்கள் நர்சரியில் செடிகளுக்குச் சாக்கடைத் தண்ணீர் ஊற்றுகிறோமாம், மீன் செத்து நாறுகிற தண்ணீராம். "அண்ணே, இது உங்க கடையா?" என்று எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் கடைதான், மீன் தண்ணீர்தான். அதை மறைத்ததே இல்லை, தொட்டியிலிருந்து செடிக்குப் போகும் குழாய் வாசலிலேயே தெரியும். சாக்கடை என்ற சொல்தான் பொறுக்கவில்லை.

கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் எதுவானாலும் தின்றதில் ஒரு பங்கை அம்மோனியாவாகச் செவுள் வழியே விடுகிறது. அது தொட்டியிலேயே தங்கினால் மீன் பிழைக்காது. வடிகட்டியில் கிடக்கும் கூழாங்கற்களில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. நீங்கள் போடும் யூரியாவும் மண்ணில் இப்படி மாறித்தான் பெரும்பாலும் வேருக்குப் போகிறது. எங்களிடம் 5,000 லிட்டர் தொட்டி ஆறு. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் கால்பங்கு மாற்றினால் 7,500 லிட்டர். அதைக் கால்வாயில் விட்டுவிட்டு, செடிக்கு என்று தனியாகப் போரில் இறைக்க வேண்டுமா, அதுவும் பாலாறு மணலாய்க் கிடக்கும் ஊரில்? மீன் தண்ணீர் இருந்தால் உரமே வேண்டாம் என்றும் நான் சொன்னதில்லை. இரும்பும் பொட்டாஷும் அதில் குறைவு, தனியாகத்தான் கொடுக்கிறோம்.

அக்னி வெயிலில் தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், இரவில் கரண்டு போனால் சில மீன் சாகும், உண்மைதான். விடிந்ததும் வலையில் எடுத்துத் தென்னை அடியில் புதைத்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும்விட உறைத்தது துளசி விஷயம். எத்தனையோ வருஷமாக வரும் ஒரு மாமி, வாசலிலேயே நின்று, "துளசிக்கு மீன் தண்ணியாப்பா ஊத்துற?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிவிட்டார். மாமி, அது கறி கழுவிய தண்ணீர் இல்லை, உயிரோடு நீந்துகிற மீன் இருக்கிற தண்ணீர். கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுவிட்டு அதே குளத்தில்தானே கால் நனைத்துவிட்டு வருகிறோம்? சரி, மனசு ஒப்பவில்லை என்றால் வாதாட நான் யார். இந்த மாதம் முதல் துளசியும் வில்வமும் தனி வரிசை, தனிக் குழாய், வெறும் போர் தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், இலையில் வெள்ளை படியும், செடி கொஞ்சம் குட்டையாகத்தான் நிற்கும். அதற்காகக் கோபிக்கக் கூடாது.

தொட்டிகளை எட்டு வருஷம் பார்த்துக்கொண்டவர் பொங்கலுக்குப் பிறகு வேலையை விட்டுப் போய்விட்டார். புதுப் பையன் பழகுவதற்குள், சித்திரையில் ஒருமுறை, வெள்ளைப் புள்ளி நோய்க்கு உப்புப் போட்டிருந்த தொட்டித் தண்ணீர் ரோஜா வரிசைக்குப் போய்விட்டது. இலை ஓரம் கருகியிருந்தால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம். அந்த வால்வுக்கு இப்போது சிவப்புப் பெயிண்ட் அடித்தாயிற்று.

இலவம்பாடி முள்ளு கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2023-ல் நாற்று கேட்டு வந்து, அதிலிருந்து மாதாமாதம் வருகிறவர்கள் இருக்கிறீர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது, தொட்டி தப்பித்ததா என்று போன் போட்டுக் கேட்டவர்கள் இருக்கிறீர்கள். அந்தக் குரல்பதிவுக்குக் கீழே "நான் பத்து வருஷமா வாங்குறேன், ஒரு வாடையும் இல்லை" என்று பதில் போட்ட அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்கள் எல்லாருக்கும் மனசார நன்றி.

மீன் தீவனமும் கரண்டு பில்லும் ஏறிவிட்டதால் ரோஜா 60 ரூபாயிலிருந்து 75. வீட்டுத் தொட்டியில் கொசுப் புழு தின்ன நாலு கப்பி கேட்டால் எப்போதும்போல இனாம்தான்.

ஞாயிறு காலை 7 மணிக்குத் தண்ணீர் மாற்றுவோம். சந்தேகம் இருப்பவர்கள் வந்து ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை.