தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டாயே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே வேலை அமைந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். தங்கச்சியிடமும் சொல்லிவிடு.

தோளில் அறுந்த ஜவ்வை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாரை, தைத்த ஆபரேஷன் முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது. வலி போய்விட்டது; ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடிகிறது, அதுவே பெரிய விஷயம். பலம்தான் பழையபடி வரவில்லை. தோள்பட்டை எலும்புக்கு மேலே இன்னும் குழி தெரிகிறது. போன மாதம் எடுத்த ஸ்கேனில் தைத்த ஜவ்வு எலும்போடு ஒட்டித்தான் இருக்கிறது. அதை இழுக்கிற தசைதான் மெலிந்து கிடக்கிறது, உள்ளே கொழுப்பும் படிந்திருக்கிறது.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். ஜவ்வு அறுந்ததும் பிடிமானம் இல்லாமல் தசை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழைகள் குறுகிச் சாய, நடுவில் விழும் இடைவெளியில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. குட்டாலியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1994இல் இந்தக் கொழுப்பின் அளவை 0 முதல் 4 வரை தரம் பிரித்தார். 3 என்றால் தசையும் கொழுப்பும் சரிபாதி, 4 என்றால் கொழுப்பே அதிகம். சுவிட்சர்லாந்தில் கெர்பர் என்ற மருத்துவரும் அவர் குழுவும் செம்மறியாடுகளில் ஜவ்வை அறுத்து, பல மாதம் விட்டுத் தைத்துப் பார்த்தார்கள். தைத்த பிறகும் தசை பழைய நிலைக்கு வரவில்லை. மனிதர்களுக்கும் ஏறக்குறைய அதேதான்: மெலிந்த தசை ஓரளவு தேறலாம், படிந்த கொழுப்பு பெரும்பாலும் போவதில்லை. தையல் விட்டுப்போனால் இன்னும் கூடும்.

அதனால்தான் உன்னை நினைத்துக் கவலையாக இருக்கிறது. வயசாகித் தானாகத் தேய்ந்த சின்னக் கிழிசல் என்றால் பிசியோதெரபியிலேயே பலருக்குச் சரியாகிவிடும். நீ வண்டியிலிருந்து விழுந்து, அன்றிலிருந்து கையைத் தூக்க முடியாமல் இருக்கிறாய். இது வேறு. அறுவடை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாயே, தள்ளிப்போடாதே. ஸ்கேனை எலும்பு டாக்டரிடம் காட்டி, "ஜவ்வு முழுசா அறுந்திருக்கா? தசை எந்தத் தரத்தில் இருக்கு?" என்று இரண்டையும் கேள். ஜவ்வைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிட்டால் விடாதே.

அடுத்த வாரம் திருச்சிக்கு வருகிறேன். அதற்குள் டாக்டரைப் பார்க்கவில்லை என்றால் சேர்ந்தே போவோம்.

அன்புடன்,
முருகேசன்