அஞ்சல் வருகிறது, போகவில்லை: 22 நாள் அலைச்சல் பற்றிய புகார்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

மாங்குளத்தில் ஏ9 வீதியோரம், வீட்டின் முன்பக்கத்திலேயே உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். ஜனவரி 18 அன்று உங்கள் பைபர் இணைப்பு போட்டார்கள். வேகத்தில் ஒரு குறையும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று மாலையிலிருந்து கடை மின்னஞ்சல் பாதி முடங்கிவிட்டது. வருகிற அஞ்சல் வருகிறது, நான் அனுப்புவது ஒன்றும் போகவில்லை. காலபோக அறுவடை நெருங்கும் நேரம். அறுவடை மெசினுக்கு பெல்ட்டும் பெயாரிங்கும் கேட்டு கொழும்புக்கு எழுதிய ஓடர்கள் அவுட்பாக்ஸிலேயே கிடந்தன.

உங்கள் சேவை இலக்கத்துக்கு நான்கு தடவை அழைத்தேன். முதல் பிள்ளை ரவுட்டரை நிறுத்திப் போடச் சொன்னார். சரி, போட்டேன். அடுத்தவர், கடவுச்சொல் பிழை என்றார். பிழையான கடவுச்சொல்லோடு அஞ்சல் எப்படி உள்ளே வருகிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மாற்றிப் பாருங்கள் என்றார். மாற்றியும் பயனில்லை, மகளின் போனிலும் அஞ்சல் நின்றதுதான் மிச்சம். மூன்றாவது அழைப்பின் பிறகு கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல பொடியன், தேநீர்கூடக் குடித்தார். ரவுட்டரைப் பழைய நிலைக்கு அழித்து அமைத்துவிட்டுப் போனார். பில் அடிக்கும் பிரிண்டரும் வாசல் கமராவும் வைஃபையிலிருந்து விழுந்தன. அஞ்சல் போகவில்லை. அந்த வருகைக்கு 1,500 ரூபா கட்டணம். நான்காவது அழைப்பில் பழையபடி ரவுட்டரை நிறுத்திப் போடச் சொன்னார்கள்.

கடைசியில் நானே பார்த்தேன். வேறு நிறுவனத்தின் சிம் போட்ட போனில் ஹொட்ஸ்பொட் போட்டுக் கணினியை இணைத்தேன். கிடந்த அஞ்சல்கள் அத்தனையும் ஒரே மூச்சில் போயின. அப்படியென்றால் கணினியிலும் கடவுச்சொல்லிலும் பிழை இல்லை. மருமகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, டெல்நெட் என்ற சோதனைக் கட்டளை கொண்டு அஞ்சல் சேர்வரைத் தட்டிப் பார்த்தேன். போர்ட் என்பது சேர்வரின் எண் போட்ட வாசல்; என் அஞ்சல் மென்பொருள் அனுப்பப் பாவித்தது 25. உங்கள் இணைப்பில் போர்ட் 25-இல் வெறும் கறுப்புத் திரை, கொஞ்ச நேரத்தில் இணைக்க முடியவில்லை என்று வந்தது. அதே சேர்வரில் 587-ஐத் தட்டியதும் 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி உடனே வந்தது. பெப்ரவரி 9 அன்று அஞ்சல் மென்பொருளில் 25-ஐ 587 ஆக்கி, அஞ்சலைப் பிறர் படிக்காதபடி குறியாக்கி அனுப்பும் ஸ்டார்ட் டி.எல்.எஸ். தெரிவு செய்தேன். ஒரு நிமிட வேலை, அஞ்சல் போய்விட்டது. அஞ்சலை உள்ளே எடுப்பது ஐமேப் என்ற வேறு முறை, அதன் போர்ட் 993. அது திறந்திருந்ததால்தான் வருவது வந்துகொண்டிருந்தது.

25-ஐ நீங்கள் மூடியதில் எனக்குக் கோபமில்லை. அது சேர்வரும் சேர்வரும் பேசுகிற வழி. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் அதன் வழியாகக் குப்பை அஞ்சல் கொட்டுவதால் உலகெங்கும் பல இணைய நிறுவனங்கள் மூடியிருக்கின்றன. வாடிக்கையாளர் கடவுச்சொல் கொடுத்து அனுப்புவதற்கென்று 587-ஐ 1998-லேயே ஒதுக்கிவிட்டார்கள். பழைய எண்ணை வைத்திருந்தது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதவைப் பூட்டியவர்கள் பூட்டியதைச் சொல்ல வேண்டாமா? இணைப்புப் படிவத்தில் ஒரு வரி இல்லை. உங்கள் சேவைப் பிரிவில் பேசிய ஒருவருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. "வருகிறதா, போகவில்லையா, எந்த போர்ட்?" என்று முதல் நாளே ஒருவர் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

1,500 ரூபாவை அடுத்த மாதப் பட்டியலில் கழித்துத் தாருங்கள். 25 மூடப்பட்டிருப்பதையும் 587-ஐப் பாவிக்கும் முறையையும் தமிழில் ஒரு தாளில் அடித்து, புது இணைப்போடு கொடுங்கள். தொலைபேசி எடுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பிரதி வேண்டும். 25-ஐத் திறந்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். மின்னஞ்சலிலேயே அனுப்பலாம், வருவதில் பிரச்சினை இல்லை.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்,
மாங்குளம்.