தெப்பக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

நம் சிவாலயத்துத் தெப்பக்குளம் தூர் வாரி, நான்கு கரைப் படிகளும் திருத்தி, நீர் நிரப்பியாயிற்று. அறநிலையத் துறையின் அனுமதி பெற்றே வேலை தொடங்கியது. வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளும் கோயில் அலுவலகத்தில் உள்ளன, யாரும் வந்து பார்க்கலாம். செய்த வேலைகளையும், ஏன் அப்படிச் செய்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

நாள் ஒன்றுக்கு ஓரடிக்கு மேல் தண்ணீர் இறைக்கவில்லை. குளம் சட்டென்று வற்றினால், கரைச்சுவருக்குப் பின்னால் நீர் ஊறி நிற்கும் மண் சுவரை உள்ளே தள்ளும். எதிர்த்துத் தாங்க முன்பக்கம் தண்ணீர் இருக்காது. தூர் வாரும்போது படிக்கட்டு சரிவது பெரும்பாலும் இதனால்தான். மீன்களை நடுக்கிணற்றில் விட்டுக் காப்பாற்றினோம். பொக்லைன் வண்டல் மட்டும் அள்ளியது, பழைய களிமண் படுகை தெரிந்ததும் நிறுத்தினோம். அடியில் கான்கிரீட் தளம் போடலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. தளம் போட்டால் ஊற்றுக்கண் அடைபடும், அக்கம்பக்கக் கிணறுகளுக்கு நீர் இறங்காது, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறும்போது தளமே மேலே எழும்பி வெடிக்கும்.

கடைசி அடுக்கு வண்டலை ஆள் வைத்து அள்ளாமல் ஊராரையே இறங்கச் சொன்னோம். பிறர் வெட்டிய குளத்தில் நீராடுகிறவர் ஐந்து பிடி மண் எடுத்துக் கரையில் போட்டுவிட்டே முழுக வேண்டும் என்பது யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய தர்ம நூல் சொல்லும் முறை. தூர் எடுப்பதையே நீராடலின் ஓர் அங்கமாக வைத்திருக்கிறார்கள். நம்மில் யாரும் வெட்டாத குளம் இது. ஆளுக்கு ஐந்து பிடி போட்டதில் அந்தக் கடன் கொஞ்சம் தீர்ந்தது. வண்டல் முழுவதும் மஞ்சள் காட்டுக்கும் வாழைத் தோட்டத்துக்கும் போயிற்று.

படிகளில் முன்பு பூசியிருந்த சிமென்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். சிமென்ட் இறுகிப் பிடித்ததால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, கல்லின் விளிம்புகள் பெயர்ந்திருந்தன. விரிசல்களில் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. வேரை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் கல்லைப் பெயர்த்து அடியோடு எடுத்தோம். இணைப்புக்குச் சுண்ணாம்பு, சுர்க்கி (சுட்ட செங்கல் பொடி), மணல் சம அளவு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் அரைத்த சாந்து. சுர்க்கி சேராத சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் இறுகாது. சாந்து காயாதபடி ஈரச் சாக்கு போட்டுக் காத்து, இறுகிய பிறகே நீர் விட்டோம். கல்லுக்கு மெருகு போடவில்லை, உளியால் கொத்திச் சொரசொரப்பாகப் பொளி போட்டிருக்கிறோம். பாசி படிந்தாலும் கால் வழுக்காது.

தீர்த்தமாடும் முறைப்படியே மற்ற அமைப்புகளும். உடல் அழுக்கு நீங்கக் குளிப்பது வேறு, தீர்த்தமாடுவது வேறு. முன்னது குளத்துக்கு வெளியே முடிய வேண்டும். அதற்காக வடகரைக்கு வெளியே தொட்டியும் குழாயும், பெண்களுக்குத் தனி அறையும் கட்டியிருக்கிறோம். எண்ணெய், சிகைக்காய், சோப்பு எல்லாம் அங்கேயே. பிறகு குளத்தில் இறங்கி, கையில் நீரெடுத்துத் தலையில் தெளித்து, சங்கல்பம் செய்து, கங்கை முதல் காவிரி வரை ஏழு நதிகளை நினைத்து முழுக வேண்டும். ஓடும் ஆற்றில் நீரோட்டத்தை எதிர்நோக்கியும், குளத்தில் சூரியனை நோக்கியும் முழுகுவது வழக்கம். தர்ப்பணம் செய்தவர் ஈரத்துணியைக் கரையில்தான் பிழிய வேண்டும். நீர்க்கடன் செய்ய ஆளில்லாமல் போன முன்னோருக்கு அந்த நீர் சேரும் என்பது நம்பிக்கை. அதற்கு மேல்படியில் சரிவான கல் மேடை உண்டு. அந்த நீர் குளத்தில் வடியாது. பரிகாரத்துக்குத் துணியைத் தண்ணீரில் விடும் பழக்கம் இங்கே வேண்டாம். மூழ்கிய துணி அழுகி நீரைக் கெடுக்கும், முழுகுகிறவர் காலைச் சுற்றும். இன்னொருவரின் நீராடலைக் கெடுத்துவிட்டுப் புண்ணியம் தேட முடியாது.

திருமஞ்சன (அபிஷேக) நீர் இதுவரை குளத்தில் விழுந்தது. பாலும் தயிரும் மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அதிகாலையில் மீன் செத்து மிதந்ததற்கு அதுவே காரணம். அந்த நீர் வெளியேறும் கோமுகியிலிருந்து புதுக் குழாய் பதித்து நந்தவனத்துக்குத் திருப்பிவிட்டோம்.

காலிங்கராயன் வாய்க்காலின் கொப்பு (கிளை) வாய்க்காலிலிருந்து வரும் நீர் வண்டல் தொட்டியில் தங்கித் தெளிந்த பிறகே மடைக்குள் போகும். தொட்டி நிறைந்தால் சேறு குளத்துக்கே வரும். அதனால் வாய்க்கால் திறக்கும் முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் தொட்டியை வாருவது கட்டாயம். நீர் நிரம்பியபின் பவானி கூடுதுறையிலிருந்தும் கொடுமுடிக் காவிரியிலிருந்தும் தீர்த்தக்குடம் கொண்டுவந்து சேர்த்தோம்.

குளிப்பதற்குரிய நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவை மட்கச் செய்ய நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100 மில்லிலிட்டரில் கோலிபார்ம் பாக்டீரியா 500க்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. ஆடி, தை அமாவாசைகளுக்கு முன் நீரைச் சோதித்து, முடிவைப் படித்துறைப் பலகையில் ஒட்டுவோம். அளவு தப்பினால் அன்று முழுக்கு கிடையாது, தலையில் தெளித்துக்கொள்ளலாம். மடைச் சாவி கோயில் மணியக்காரரிடம் இருக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு