தம்பிக்கு: திங்கட்கிழமை நான் மகளாக மட்டும் வருவேன்

தம்பி,

நீ போனை வைத்த பிறகும் யோசித்துப் பார்த்தேன். முடிவில் மாற்றமில்லை. திங்கட்கிழமை டொக்டர் அம்மாவின் பரிசோதனை முடிவைச் சொல்லும்போது அம்மாவோடு வருவேன், பக்கத்தில் இருப்பேன், கையைப் பிடித்துக்கொள்வேன். மொழிபெயர்க்க மாட்டேன். அதற்கு வேறொருவரை ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்துவிட்டது.

இதை உனக்குத் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் குடும்பக் குழுவில் பெரியவர் ஒருவர், "ஊருக்கெல்லாம் மொழிபெயர்க்கிறவள், பெற்ற தாய்க்கு மாட்டாளாம்" என்று எழுதினார். அதை நீயும் பார்த்தாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது நோர்வே முழுக்க, ஒஸ்லோவிலும் பேச்சு, பெர்கனிலும் பேச்சு. பதிலும் எல்லோருக்கும் தெரியட்டும். என்ன பரிசோதனை, எந்தப் பிரிவு என்றெல்லாம் இங்கே எழுதமாட்டேன். அம்மா இதைப் படிக்கமாட்டார், ஆனால் படித்துக்காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். 1995ஐப் பற்றி எழுதலாமா என்று மட்டும் அவரிடம் கேட்டேன். "எழுது பிள்ளை, பேர் போடாதை" என்றார்.

அப்பாவின் நோயைப் பற்றி டொக்டர் சொன்ன அன்றைக்கு நீ அறைக்கு வெளியே இருந்தாய். நடைக்கூடத்தின் மூலையில் ஒரு மர ரயில் கிடந்தது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது போதும். உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் மூன்று பேரும் உனக்கு ஒருநாளும் முழுதாகச் சொன்னதில்லை.

நவம்பர் கடைசி. நாங்கள் இருந்த வடக்கு நோர்வேயின் பின்மார்க்கில் சூரியன் எழும்பாத காலம் தொடங்கியிருந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்து ஒரு மாதம் ஆகவில்லை. அப்பம்மா தென்மராட்சியில் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த மரத்தடியில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அப்பா வேலை முடிந்து வந்து வானொலியில் பிபிசி தமிழோசையைக் கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுவார். மெலிவு கவலையால்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

டொக்டர் இளம் பெண். நல்லவர், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். நோர்வேயின் முறை அது: நோய் யாருக்கோ, செய்தியும் அவருக்கு. நம்முடைய ஊரில் டொக்டர் ஒரு மாமாவையோ மூத்த மகனையோ வெளியே கூப்பிட்டுச் சொல்வார். பிறகு வீட்டார் கூடிக் கதைத்து, நோயாளியின் காதுக்கு எவ்வளவு போகவேண்டும் என்று முடிவெடுப்பார்கள். அன்றைக்கு அந்த மாமா நான்தான். பன்னிரண்டு வயது.

டொக்டர் கடதாசியில் படம் வரைந்தார். நோயின் பெயரைச் சொன்னார். மருந்து நோயைப் பிடித்துவைக்கும், மாற்றாது என்றார். சொல்லிவிட்டு, நான் தமிழில் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். டொக்டரின் முகத்திலிருந்தே அம்மாவுக்கு விளங்கிவிட்டது. தலையை ஆட்டவில்லை, கண்ணால் மட்டும் வேண்டாம் என்றார். யாருக்கும் தெரியாமல் சின்னதாக.

"வருத்தம் கொஞ்சம் கடுமையாம் அப்பா. மருந்து ஏத்துவினமாம். களைப்பாய் இருக்குமாம்" என்று சொன்னேன்.

அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பெரியவர்கள் முன்னால் அவர் எப்போதும் அப்படித்தானே. டொக்டருக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. "நீங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். அப்பா என்னிடம் திரும்பி, "தை பிறந்தா வேலைக்குப் போகலாமோ எண்டு கேள் பிள்ளை" என்றார். தை பிறந்தால் மீன் வரத்துக் கூடும், ஓவர்டைம் கிடைக்கும். அந்தக் கேள்வியை நான் ஒரு சொல் பிசகாமல் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். டொக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் எதையோ எழுதினார், அத்தோடு விட்டுவிட்டார். எதிரில் இருந்தது வளர்ந்த ஒருவராக இருந்திருந்தால் அவர் அந்த ஒரு பதிலோடு விட்டிருப்பாரா? இதுதான் எனக்கு ஆறாத கோபம். அவரிடம் பணிவு இருந்தது, பொறுமை இருந்தது. ஆனால் எதிரில் இருப்பது ஒரு பிள்ளை என்ற நினைப்பு அந்த அறையில் ஒருவருக்கும் வரவில்லை. அம்மாவுக்கும்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் கொம்யூன் (உள்ளூராட்சி) கடிதம், வங்கிக் கடிதம், உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் எல்லாம் என்னிடம் வந்தன. அக்கா அதிகாரம் பண்ணுகிறாள் என்று நீ அழுவாய். அந்த அதிகாரத்தை நான் கேட்டு வாங்கவில்லை, தம்பி.

போன கிழமை நீ சொன்னதற்கு வருகிறேன். "அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் ஊருக்குப் போய்த் தன் அம்மாவைப் பார்த்திருப்பார்." எங்கே போயிருப்பார்? டிசம்பர் முதல் கிழமையே யாழ்ப்பாண நகரத்தில் இராணுவம் கொடி ஏற்றிவிட்டது. அகதியாக வந்த மனுசன், உடம்பு முடியாமல், எந்தப் பாதையால் போவது? போயிருக்கவே முடியாது. ஆனாலும் ஒரு கடிதம் எழுதியிருப்பார். ஒரு கசெட்டில் உனக்கென்று நாலு வார்த்தை பேசி வைத்திருப்பார். அவர் குரல் உனக்கு நினைவில்லை என்று நீ சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு அடைக்கிறது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வருகிறது. அடுத்த நொடியே, ஐந்தாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளை எதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கோபமும் வருகிறது. அதைத் தப்பு என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அம்மாவின் கண்ணுக்கு நான் கட்டுப்பட்டேன். உன்னை அந்த இடத்தில் வைத்திருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய்.

இப்போது இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது. 2021இல் பாராளுமன்றம் நிறைவேற்றி, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சட்டம். அரச அலுவலகமோ ஆஸ்பத்திரியோ பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது, உயிர் போகும் அவசரம் போன்ற சில நிலைமைகளைத் தவிர. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அவர்களின் பொறுப்பு. அந்தச் சட்டம் வந்த அன்று நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். உனக்குச் சொல்லவில்லை.

என் வேலையின் விதி உனக்குத் தெரியும். கூட்டாதே, குறைக்காதே, பக்கம் சாயாதே. டொக்டர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும். திங்கட்கிழமை அம்மாவின் எதிரில் இருந்துகொண்டு, டொக்டரின் "நான்" ஆகி, அந்த முடிவை என் வாயால் சொல்ல என்னால் முடியாது. அம்மா மறுபடி கண்ணைக் காட்டினால் அதைக் காணாதவள் போல இருக்கவும் முடியாது. வேறொருவர் அந்த வேலையைச் செய்தால்தான் நான் அம்மாவின் பக்கம் முழுதாகச் சாய்ந்து இருக்கலாம்.

முப்பது வருடமாகியும் மொழி வரவில்லையா என்று நம்முடைய ஆட்களே அம்மாவைக் கேட்கிறார்கள். நம்மைப் படிப்பித்தது மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டும் அந்த ஃபில்லே மேசை. குளிரில் நின்று, காதில் மூடியைப் போட்டுக்கொண்டு மீன் வெட்டினார். அங்கே யாரோடு கதைத்து மொழி பழகுவது? கேட்பவர்கள் கொஞ்சம் யோசித்துக் கேட்கட்டும்.

ஆனால் விதி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். வரப்போகிறவர் சொன்னதைச் சொல்வார், அதற்கு மேல் விளக்கம் கொடுக்கமாட்டார். டொக்டர் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால், இவருக்கே தெரியாமல் என்னிடம் கேட்கிறாரே என்று அம்மா பயப்படுவார். வலி இருக்கிறதா என்றால் "பரவாயில்லை" என்பார், டொக்டர் வலி இல்லை என்று எழுதிக்கொள்வார். பெல்ஜியத்தில் 1999 முதல் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே ஆட்களை அரசாங்கச் செலவில் வைத்திருக்கிறார்கள், இரண்டு பக்க வழக்கத்தையும் எடுத்துச் சொல்ல. இத்தாலியில் 1998இன் குடியேற்றச் சட்டத்திலேயே அப்படிப்பட்டவர்களுக்கு இடம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் நம்மவர்கள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். இங்கே மொழிபெயர்ப்பாளர் அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. மொழிபெயர்ப்பாளரே விளக்கவும் தொடங்கினால் நோயாளியின் வாயைப் பறித்துவிடுவார் என்பது அதற்கான காரணம். அதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் விளக்க ஒருவரும் இல்லாத அறையில் நம்முடைய அம்மாக்கள் தனித்துப்போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவை யாருடைய கதைகள் என்பது என்னோடு போகும்.

சரி, இப்போது உன் வேலை.

நோர்வேயின் நோயாளர் உரிமைச் சட்டத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. தகவலை நோயாளியின் வயது, அனுபவம், பண்பாடு, மொழி எல்லாவற்றுக்கும் ஏற்றபடி கொடுக்கவேண்டும். அப்புறம், எனக்குச் சொல்லவேண்டாம் என்று நோயாளி சொன்னால், தீங்கைத் தடுக்க அவசியம் என்றால் ஒழிய, வற்புறுத்திச் சொல்லக்கூடாது. ஆகவே நாம் அம்மாவின் காதை மறைக்கவும் தேவையில்லை, திடீரென்று அவர் தலையில் போடவும் தேவையில்லை. அவரிடமே முதலில் கேட்கலாம். அப்பாவிடம் அதைக் கேட்க அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார். என்னைப் பார்த்தால் அவருக்கும் அந்த அறை நினைவுக்கு வரும் போலிருக்கிறது. நீ கேள். சனிக்கிழமை இடியப்பத்தோடு போவாய்தானே, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேள். முடிவைத் தன் காதாலேயே கேட்க விருப்பமா, நாம் கேட்டுச் சொல்லவேண்டுமா, எவ்வளவு தெரியவேண்டும், யார் கூட இருக்கவேண்டும். அவர் சொன்னதை மாற்றாமல் எனக்கு எழுது. திங்கள் காலையில் டொக்டர் உள்ளே கூப்பிடுவதற்கு முன் நானே போன் பண்ணி அவரிடம் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் உங்கட விருப்பம்" என்று அம்மா சொன்னால் அதை எழுதி அனுப்பாதே. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்துவிட்டு இன்னொரு தடவை கேள்.

அக்கா