கணக்கேட்டில் ஒன்றுமில்லையாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பதிப்பாளர், பாஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் டி. ஃபீல்ட்ஸ் பற்றிய கட்டுரையை வாசித்தேன். ஹாதார்ன், லாங்ஃபெல்லோ, எமர்சன் என்று பெரிய அமெரிக்க எழுத்தாளர்கள் வரிசையாக வந்து போனார்கள். சந்தோஷம். நடுவே ஒரு வாக்கியம்: "அவருடைய கடிதங்களே பொக்கிஷம், கூட இருக்கும் கணக்கேடுகள் குமாஸ்தாக்களின் கிறுக்கல், இலக்கிய வாசகனுக்கு அவற்றில் ஒன்றுமில்லை." தங்கள் கண்ணில் படாமல் அது அச்சேறியிருக்காது. அதுதான் உறுத்துகிறது.

ஃபீல்ட்ஸ் பங்காளியாயிருந்த டிக்நர் அண்ட் ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் செலவுக் கணக்கேடுகள் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹவ்டன் நூலகத்தில் இருக்கின்றன. 1832 முதல் 1858 வரையிலான பதிவுகளை இரண்டு அறிஞர்கள் பதிப்பித்து 1949-இல் தனி நூலாகவே வெளியிட்டார்கள். கிறுக்கலுக்கு இவ்வளவு மெனக்கெட்ட அவர்களுக்கு வேறு வேலை இல்லை போலும். ஒரு நூலுக்கு ஒரு பதிவு: எத்தனை படி, எத்தனை பக்கம், என்ன தாள், எத்தனை ரீம், அச்சுக்கோப்புக்கு எவ்வளவு, அச்சுக்கூலி எவ்வளவு, பைண்டிங் எவ்வளவு, ஆசிரியருக்கு என்ன, கடையில் என்ன விலை. ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' 1850 மார்ச்சில் 2,500 படி, விலை 75 சென்ட், ராயல்டி 15 சதவீதம். படிக்குப் பதினொன்றே கால் சென்ட். விமர்சனப் படிகளைக் கழிக்காமல் பார்த்தாலும் மொத்தப் பதிப்புக்கும் 281 டாலர் 25 சென்ட்தான். இந்தத் தொகையை எந்த நட்புக் கடிதம் சொல்லும்?

அதே நூலில் இன்னொன்று. கோத்த பக்கத்தை உலோகத் தகடாக வார்த்து வைத்தால், மறுபடி கோக்காமலே அடிக்கலாம். முதல் பதிப்புக்கு அப்படித் தகடு வார்க்கவில்லை. அச்சானதும் அச்செழுத்துகளைப் பிரித்து அவற்றின் பெட்டியில் (கேஸில்) போட ஆரம்பித்துவிட்டார்கள். படிகள் சில நாட்களிலேயே தீர்ந்துபோக, பெரும்பாலான பக்கங்களை மறுபடி கோத்து இன்னொரு 2,500 அடிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் முறைதான் அந்தத் தகடு (ஸ்டீரியோ). தகடு வார்க்கக் காசு போடாத பதிப்பாளர் அந்த நூல் எவ்வளவு ஓடும் என்று நினைத்திருந்தார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? உங்கள் கட்டுரையாளரோ ஃபீல்ட்ஸ் "முதல் பார்வையிலேயே அதன் வெற்றியை உறுதியாகக் கண்டார்" என்கிறார். எல்லாம் ஃபீல்ட்ஸ் பிற்காலத்தில் தானே எழுதிவைத்த கதை. அச்சுக் கோப்பவரின் கூலிச் சீட்டுக்குக் கதை கட்டத் தெரியாது.

ஃபீல்ட்ஸுக்குக் கட்டுரையாளர் சூட்டிய கருணைக்கடல் என்ற பட்டமும் அப்படித்தான். கெயில் ஹாமில்டன் என்ற பெயரில் எழுதிய மேரி அபிகெயில் டாட்ஜுக்கு ஃபீல்ட்ஸ் எழுதிய கடிதங்களில் தேன் சொட்டும். பத்து சதவீதம் என்று எண்ணியிருந்தவருக்குப் பிந்தைய நூல்களில் படிக்கு 15 சென்ட் என்று நிலையான தொகை கிடைத்துவந்தது. நூலின் விலை இரண்டு டாலராக ஏறியபோது பத்து சதவீதம் என்றால் 20 சென்ட். அந்த ஐந்து சென்ட் விவகாரம் நடுவர்கள் வரை போய், 1870-இல் அவர் அதை ஒரு முழு நூலாகவே எழுதினார். ஹாதார்னின் மனைவி சோஃபியாவும் ராயல்டிக் கணக்கில்தான் ஃபீல்ட்ஸிடம் மனம் கசந்தார். லாங்ஃபெல்லோ மட்டும் தன் தகடுகளைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார். விவரமான மனிதர்.

கணக்கேட்டை வாசிப்பதும் சும்மா இல்லை. 320 பக்க நூலைத் தாளுக்கு 32 பக்கமாக அடித்தால் படிக்குப் பத்துத் தாள். 2,000 படிக்கு 20,000 தாள். ரீமுக்கு 500 தாள் என்றால் 40 ரீம். ஆனால் அக்கால ரீம் 480 தாளாகவும் இருக்கும். அப்படியானால் 41 ரீமும் 320 தாளும் வேண்டும். இது தெரியாமல் "40 ரீம்" என்ற பதிவைப் பார்த்து 2,000 படி என்று எழுதினால் 80 படி பொய். இதோடு கழிவுத் தாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை இடித்தால் பைண்டிங் பில்லுக்குப் போக வேண்டும். அடித்த தாள் முழுவதையும் ஒரே மூச்சில் கட்டமாட்டார்கள். விற்க விற்க, சில நூறாகக் கட்டுவார்கள். தோரோவின் முதல் நூலை வேறொரு பாஸ்டன் நிறுவனம் 1849-இல் ஆசிரியர் செலவில் 1,000 படி போட்டது. 1853-இல் அவர் வீட்டுக்கு 706 திரும்பி வந்தன. கட்டியவை 256, மீதி 450 வெறும் தாள்களாக. அச்சிட்ட எண்ணிக்கை வேறு, கட்டிய எண்ணிக்கை வேறு, விற்றது வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதற்குக் கடிதங்களே போதும்.

பழைய கணக்கொன்றும் தீர்க்க வேண்டியிருக்கிறது. இதே பத்திரிகையில் முன்பு ஒரு பதிப்பாளரின் நகல் கடிதத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழ் எழுத்தாக அச்சிட்டீர்கள். "ரகசிய எழுத்தோ?" என்று படக்குறிப்பு வேறு. ஐயா, அது நகல் புத்தகம், அனுப்பும் கடிதங்களுக்குப் படி எடுத்து வைக்கும் ஏடு. மெல்லிய தாளைத் தூரிகையால் நனைத்து, மிகுந்த ஈரத்தை ஒற்றி எடுத்து, நகல் மையில் எழுதிய கடிதத்தின் மேல் வைத்துத் திருகு பிரஸ்ஸில் அழுத்துவார்கள். மை தாளின் அடிப்பக்கம் தலைகீழாக ஒட்டும். மேல்பக்கம் வழியாகப் பார்த்தால் நேராகத் தெரியும். ஈரம் கூடினால் எழுத்து ஊதிப்போகும், குறைந்தால் மங்கும். படமெடுக்கும்போது அந்த ஒரு தாளுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் செருகாவிட்டால் அடுத்த நாலு கடிதமும் சேர்ந்து தெரியும். நீங்கள் தாளின் அடிப்பக்கத்தைப் படமெடுத்திருக்கிறீர்கள். ரகசியம் அவ்வளவுதான்.

இன்னொரு முறை, மடித்த கடிதத்தின் வெளிப்புறத்தில் பெயரும் இரண்டு தேதிகளும் இருந்ததை "கவிஞரின் கையெழுத்து" என்றீர்கள். அது குமாஸ்தாவின் குறிப்பு: யாரிடமிருந்து, என்று வந்தது, என்று பதில் போனது. அந்தப் பதில் தேதியைப் பிடித்துக்கொண்டு நகல் புத்தகத்துக்குப் போனால் பதிலே கிடைக்கும். புகழ்பெற்ற கையெழுத்து என்று அந்த ஒரு கடிதத்தைக் கடிதக் கட்டிலிருந்து உருவி விற்றவர்கள் அறுத்தது இந்த இழையைத்தான். எந்தத் தாள் எதற்கு அடுத்து இருந்ததோ அப்படியே வைப்பது ஆவணக் காப்பாளர்களின் பிடிவாதம் என்று உங்கள் கட்டுரையாளர் கேலி செய்கிறார். செய்யட்டும்.

தோரோவின் 'வால்டன்' முதல் பதிப்பின் ஒரு படியை, நூலின் கடைசியில் சேர்த்த விளம்பரத்தின் தேதியை வைத்து "மிக முந்தியது" என்று தீர்ப்புச் சொன்னதையும் மறக்கவில்லை. 1854-இல் 2,000 படி அடித்தார்கள். கட்டுகிறபோது கையில் கிடைத்த விளம்பரத் தாளைச் சேர்த்தார்கள். முந்தைய தேதி போட்ட விளம்பரம் பிந்திக் கட்டிய படியிலும் இருக்கலாம்.

நான் கேட்பது சிறியது. ஹவ்டன் நூலகத்துக்குப் பதிப்பாளர் ஹென்றி ஹவ்டனின் பெயர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆர்தர் ஏ. ஹவ்டன் ஜூனியரின் பெயர். கார்னிங் கண்ணாடிக் கம்பெனிக் குடும்பத்தவர். அடுத்த இதழில் இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். இனி ஆவணப் படம் வெளியிடும்போது எந்த நூலகம், எந்தத் தொகுப்பு, எத்தனையாவது பெட்டி, எத்தனையாவது உறை என்று ஒரு வரி சேருங்கள். அழகுக்காக விளிம்பை வெட்டாதீர்கள். குமாஸ்தா எழுதுவது பெரும்பாலும் அங்கேதான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்