செருப்பு ஒன்று சேப்பாக்கத்தில்

அன்புள்ள கார்த்திக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். வேறு விசேஷம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குட்டி போனில் பேசினான். "டாட் பாலுக்குப் புள்ளி பாட்டி, விக்கெட்டுக்கு டபிள்யூ" என்று ஒப்பித்தான். கிரிக்கெட் ஸ்கோர் எழுத நீ நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தாயாம். "அப்பா இப்பல்லாம் பகல்லயும் வீட்லதான் இருக்கார்" என்றான். உடனே நீ போனை வாங்கி, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாய். சரி, சரியில்லாமல் இருந்திருக்கும்.

குழந்தையை ராத்திரி கண் விழிக்க விடாதே. இங்கே காலை ஒன்பதரைக்கு முதல் பந்து என்றால் நியூஜெர்சியில் நடுராத்திரி. ஹைலைட்ஸை மறுநாள் காட்டினால் ஆகாதா? ஏழு வயசுப் பிள்ளை. நீயும் நேரத்துக்குத் தூங்கு. சத்தத்தைக் குறைத்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறாய் என்று அவன்தான் சொன்னான்.

ஆனால் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டானே, அதில் எனக்குச் சந்தோஷம்தான். உனக்குப் பழைய டைரியில் கோடு போட்டுக் கொடுத்தது நான். நான் கற்றது ரேடியோவில், அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனை கேட்டு. உங்கப்பாவுக்கு இன்றுவரை எல்பிடபிள்யூ புரியவில்லை. அதனால்தான் சேப்பாக்கம் மேட்சுக்கு மாமா கொடுத்த இரண்டு டிக்கெட்டும் உனக்கும் எனக்கும் என்று ஆயிற்று.

அப்புறம் குட்டி இன்னொன்றும் கேட்டான். "சேப்பாக்கத்துல நீங்களும் அப்பாவும் எழுந்து நின்னு பாகிஸ்தானுக்குக் கைதட்டினீங்களாமே?" நீ சொன்னாயாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

நாம் கைதட்டவில்லை, கார்த்தி. உனக்குத் தெரியும். 1999 ஜனவரி 31. பாகிஸ்தானோடு டெஸ்ட், நாம் ஜெயிக்க 271 ரன் அடிக்க வேண்டும். 82-க்கு ஐந்து விக்கெட் போன பிறகு, சச்சின் முதுகைப் பிடித்துக்கொண்டே 136 வரை கொண்டுபோனார். சக்லைன் பந்தில் அவர் அவுட்டானபோது இன்னும் 17 ரன். மைதானமே ஊமையாகிவிட்டது. அந்த அமைதியில்தான் எனக்குப் பயம் வந்தது. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் கல்கத்தாவில் பாட்டில் வீசி, தீ வைத்ததை டிவியில் பார்த்தவள் நான். எதிரில் பாகிஸ்தான், சுற்றிலும் போலீஸ், கையில் ஒன்பது வயசுப் பிள்ளை. "ஜோஷி நிக்கிறார்மா, கும்ப்ளே இருக்கார்மா, பதினேழுதானேம்மா" என்று நீ அழுதாய். உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்கினேன். உன் இடதுகால் செருப்பு படியில் கழன்றுகொண்டது. அதை எடுக்கக்கூட நான் விடவில்லை.

வாலாஜா ரோட்டுக்கு வந்தபோது உள்ளேயிருந்து பெரிய சத்தம். கலவரம் ஆரம்பித்துவிட்டது என்று உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த வயசில் நீ நல்ல கனம். ராத்திரி நியூஸில் பார்த்தால், 12 ரன்னில் ஜெயித்தவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார்கள், நம்ம ஜனம் அத்தனையும் எழுந்து நின்று கைதட்டுகிறது. நாம் கேட்ட சத்தம் அதுதான். நம்ம ஊர் மனுஷர்களை நான் நம்பவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டில் கேட்டபோது, "நாங்களும் எழுந்து நின்னோம்" என்று வாயில் வந்துவிட்டது. அதையே கல்யாண வீட்டில் சொன்னேன், உன் மாமனாரிடம் சொன்னேன். நீ பக்கத்தில் நின்றாய், ஒரு தடவைகூட மறுக்கவில்லை. அம்மாவை விட்டுக்கொடுக்காத பிள்ளை என்று அப்போது பெருமையாக இருந்தது. மனசில் இருப்பதை மறைக்க நான்தான் உனக்குக் கற்றுக்கொடுத்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

குட்டியிடம் நிஜத்தைச் சொல்லிவிடு. செருப்பையும் சொல், சிரிப்பான்.

அடுத்த டெஸ்ட் வரும்போது அவனைப் படுக்கவைத்துவிட்டு எனக்குப் போன் போடு. இங்கே நானும் டிவி முன்னால் இருப்பேன். பேச ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா பார்ப்போம். இருந்தால் எதுவானாலும் சொல். நடுவில் எழுந்து போகமாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூங்கு.

அன்புடன்,
அம்மா

பி.கு: நீ அனுப்பிய பணம் மூன்று மாசமாக அப்படியே பாங்கில் கிடக்கிறது. இனிக் கொஞ்ச நாளைக்கு அனுப்பவேண்டாம். இங்கே எங்கள் இரண்டு பேருக்கு என்ன பெரிய செலவு?