சோழவரத்தில் விமானதளம் இருந்தது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், இங்கிலாந்தின் புரன்டிங்தோர்ப் என்னும் பழைய விமானதளத்தைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மனம் நிறைந்தது. 1988-இல் அந்நாட்டு விமானப்படை ஓய்வு கொடுத்த லைட்னிங் போர் விமானங்களைச் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள் சிலர் காப்பாற்றியதையும், அவ்விமானங்களுக்காக வாட்டிஷாம் தளத்தில் நின்ற கொட்டகையையே பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி எழுப்பியதையும், ஓய்வு நாட்களில் கூடி அவற்றின் இன்ஜின்களை இன்றும் உறுமவிடுவதையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருந்தார். இரண்டாவது முறை நான் படித்தது கடைசி வாக்கியத்துக்காக. "நம் ஊரில் இதற்கெல்லாம் கைவிடப்பட்ட விமானதளமும் இல்லை, மெனக்கெடும் மனிதர்களும் இல்லை" என்று முடித்திருந்தீர்கள்.

நான் புழலில் குடியிருப்பவன். ஜி.என்.டி. சாலையில் வடக்கே போகும் பேருந்தில் ஏறினால், செங்குன்றம் தாண்டிச் சோழவரம் வரும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காக அங்கே ஓடுபாதை போட்டார்கள். என் தந்தைக்கு அப்போது பதினேழு வயது. அந்த ஓடுபாதைக்கு ஜல்லி சுமந்தவர்களில் அவரும் ஒருவர். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, எங்கள் பக்கத்தில் மட்டும் ஆட்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள் என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

சோழவரத்தோடு கதை முடியவில்லை. நீங்களும் நானும் குடிக்கும் புழல் ஏரியே அக்காலத்தில் ஒரு விமானதளம். பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவு, 1942 முதல் செங்குன்றம் ஏரி என்றும் சொல்லப்படும் இந்த ஏரியிலிருந்து கேட்டலினா விமானங்களை இயக்கியது. அவை படகு வயிறு கொண்ட விமானங்கள். தண்ணீரிலேயே ஓடி, தண்ணீரிலிருந்தே கிளம்பி, வங்கக் கடலின் மேல் பகலும் இரவும் நீர்மூழ்கிகளைத் தேடிவிட்டுத் திரும்ப வந்து தண்ணீரிலேயே இறங்கும். கால் மடக்கிய நாரை இறங்குவதுபோல இருக்கும் என்பார் என் தந்தை. அந்த ஏரிக்கரையில் இன்று இதைச் சொல்ல ஒரு பலகைகூடக் கிடையாது. உங்கள் கட்டுரையாளர் இதை அறியாதது அவர் குற்றமில்லை. அவர் படிக்கும் நாளிதழ் எது என்பதும் எனக்குத் தெரியாததல்ல.

ஏனென்றால், ஐம்பது ஆண்டுகளாக உங்கள் சந்தாதாரனாக இருக்கும் எனக்கு, சோழவரம் என்ற பெயர் உங்கள் நாளிதழில் எங்கே வரும் என்பது மனப்பாடம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஏரி நீர்மட்டப் பட்டியலில் வரும். மழை பெய்தால் முதல் பக்கம், காய்ந்தால் நான்காம் பக்கம். வடசென்னை என்ற சொல்லும் அப்படித்தான். வெள்ளம் வந்தால், கத்திக்குத்து நடந்தால், எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தால் நாங்கள் செய்தி. மற்ற நாட்களில் கூவத்துக்கு வடக்கே மனிதர்கள் மூச்சு விடுகிறார்களா என்பதே உங்களுக்கு உறுதியில்லை. போர் முடிந்த பிறகு அதே சோழவரம் ஓடுபாதையில் 1950-களில் தொடங்கி 1980-களின் இறுதிவரை கார்ப் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடந்தன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பந்தயக்காரர்கள் அங்கே வந்து ஓட்டினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் புதுத்தடம் வந்த பிறகு சோழவரத்தை எல்லோரும் மறந்தார்கள். உங்கள் நாளிதழின் மூத்த நிருபர்களில் ஒருவராவது அங்கே வெயிலில் நின்று குறிப்பெடுத்திருப்பார். அவரைக் கேட்டிருந்தாலே அந்தக் கடைசி வாக்கியம் அச்சேறியிருக்காது.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மனிதர்கள் இல்லை என்றீர்களே, அதுதான் என்னை இரண்டு நாட்கள் தூங்கவிடவில்லை.

நான் 1969-இல் விமானப்படையில் சேர்ந்து, தாம்பரத்தில் பயிற்சி பெற்று, இருபது ஆண்டுகள் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக, வேலை பார்த்தவன். நேட் விமானத்தைத் தொட்டுத்தான் தொழில் கற்றேன். ஒன்பது மீட்டர்கூட நீளமில்லாத அந்தச் சின்ன விமானம்தான் 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை வீழ்த்திப் பெயர் வாங்கியது. பிறகு மிக்-21. அது 1963-இல் படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, வீட்டில் யாருடனும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டேன்.

நம் நகரத்திலேயே ஒரு பொது இடத்தில், காட்சிக்கு வைத்த பழைய போர் விமானம் ஒன்று உண்டு. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் பேரனை அழைத்துக்கொண்டு போனபோது, காற்று உள்ளே போகும் வாயில் புறா கூடு கட்டியிருந்தது. புறா எச்சம் அலுமினியத்தை அரிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வயிற்றுப் பக்கம் தட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் நின்ற சத்தம். விமானத்தின் அடிப்புறத்தில் மழைநீர் வடிவதற்கென்றே சிறு துளைகள் இருக்கும். அவை அடைபட்டால், கடற்காற்றின் உப்பும் அந்தத் தண்ணீரும் சேர்ந்து, எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் உள்ளிருந்தே வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். என்னைப்போல் விமானப்படையில் இருந்தவர் இன்னொருவர், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஓய்வுபெற்ற ஒருவர், கார்களுக்கு வண்ணம் அடிக்கும் வியாசர்பாடித் தம்பி ஒருவர், பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர். மாதம் ஒரு ஞாயிறு வருகிறோம், கூட்டை எடுத்து வாய்க்கு மூடி போடுகிறோம், துளைகளைத் திறக்கிறோம், டயரில் பாரம் இறங்காமல் தாங்கி வைக்கிறோம், ஒரு ரூபாய் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். "உங்கள் சங்கத்தின் பதிவு எண் என்ன?" என்று கேட்டார்கள். சங்கம் இல்லை என்றோம். "லெட்டர்பேட்?" அதுவும் இல்லை. "விமானத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்றார் அந்த அலுவலர். அதற்கு ஆகவேண்டியதெல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டது ஐயா என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு விழாவுக்காக அந்த விமானத்துக்கு வீட்டு கேட்டுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டை அடித்தார்கள். மிச்சமிருந்த துளைகளும் மூடிக்கொண்டன. விமானி இருக்கையின் மேலுள்ள கண்ணாடி கண்ணாடியே அல்ல, பெர்ஸ்பெக்ஸ் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். அதைத் தின்னர் போட்டுத் துடைத்ததில் கண்புரை விழுந்தது போல வெளுத்துவிட்டது. விழாவின் படத்தை உங்கள் நாளிதழும் மூன்று பத்தி அகலத்தில் போட்டிருந்தது.

ஆர்வமில்லாத ஊர் என்றால், 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படைச் சாகசம் பார்க்க அத்தனை லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? ஐந்து உயிர்களைப் பறிகொடுத்த அந்த வெயிலில், திருவொற்றியூரிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் குழந்தைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர்களை நான் பார்த்தேன். நம் அரக்கோணம் ராஜாளி தளத்தில் 1992 முதல் 25 ஆண்டுகள் நின்று பறந்த டி.யு.-142 கடற்படை விமானம், 2017-இல் ஓய்வு பெற்றதும் விசாகப்பட்டினம் கடற்கரைக்குப் போய் அருங்காட்சியகமாகிவிட்டது. அவர்கள் கேட்டு வாங்கினார்கள், வைத்துக் காக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. குடும்பத்தோடு போய்ச் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டும் வந்தேன். ஆனால் அது நம் மாநிலத்தை விட்டுப் போனபோது ஒரு தலையங்கம் எழுத உங்களுக்குத் தோன்றவில்லை. புரன்டிங்தோர்ப்புக்கு மட்டும் இரண்டு பக்கம். அந்த ஓடுபாதையும் சில ஆண்டுகளுக்கு முன் கார்களை நிறுத்திவைக்கும் இடமாகிவிட்டது என்பதைக் கட்டுரையில் காணோம். அதையும் சேர்த்திருந்தால், இடம் பறிபோவது எங்கும் நடப்பதுதான் என்று எங்களைப் போன்றவர்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னொன்று. கட்டுரையின் பெரிய படத்துக்குக் கீழே 'மிக்-21' என்று போட்டிருந்தீர்கள். மூக்கில் காற்று வாயும் அதன் நடுவே கூம்பும் இருப்பதைப் பார்த்து அப்படி எண்ணிவிட்டீர்கள் போலும். பின்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். மிக்-21-க்கு ஒரே இன்ஜின். படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புகைவாய்கள் தெரிகின்றன, அது லைட்னிங். கட்டுரையே லைட்னிங் பற்றியதுதான்.

சோழவரம் ஓடுபாதை பாதுகாப்புத் துறைக்கு உரியது என்பதை அறிவேன். அங்கே எங்களுக்கு விமானம் நிறுத்த இடம் வாங்கித் தாருங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. கேட்பது இரண்டு. படக் குறிப்பையும் அந்தக் கடைசி வாக்கியத்தையும் திருத்தி, எத்தனை சிறிய எழுத்தில் என்றாலும் சரி, வெளியிடுங்கள். சோழவரம் ஓடுபாதையின் அல்லது செங்குன்றம் ஏரி விமானங்களின் பழைய புகைப்படம் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால், அதன் நகலை உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும்படி நான்கு வரி அறிவிப்பு ஒன்று போடுங்கள். நீர்மட்டப் பட்டியலுக்குக் கீழே போட்டாலும் போதும். நாங்கள் அங்கேதான் முதலில் பார்ப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை சார்ஜெண்ட்,
புழல், சென்னை.

(பெயரை வெளியிட வேண்டாம். இதற்கு முன் எழுதி நீங்கள் வெளியிடாத கடிதங்களால், உங்கள் அலுவலகத்துக்கு என் கையெழுத்து நன்றாகவே தெரிந்திருக்கும்.)